பெயரும் படமும் பிரியாதிருக்க

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

முன்னுரை

பள்ளிக்கூடம் என்றாலே பதிவேடுகள் உண்டு. வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, நூலகப் பதிவேடு, ஆய்வுக்கூட இருப்புப் பதிவேடு என்று எண்ணிக்கொண்டே போகலாம். முன்பு இவையெல்லாம் கோடு போட்ட நீண்ட நோட்டுகளில் எழுதப்பட்டன. இன்று இவற்றுள் பல கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன. நோட்டில் ஒரு பெயருக்கு எதிரே படம் ஒட்ட வேண்டுமானால் சிறிது பசை போதும். ஒட்டிய படம் ஒட்டிய இடத்திலேயே இருக்கும். கணிப்பொறியில் அப்படியன்று. ஓரிடத்தில் பெயரோடு சேர்ந்திருந்த படம், வேறோரிடத்திற்கு மாற்றப்படும்போது பெயரை விட்டுப் பிரிந்துவிடக்கூடும். பிரிந்ததும் நமக்குத் தெரியாது. ஏனென்றால் அந்தப் படம் காணாமற்போவதில்லை. வேறொரு பெயருக்கு எதிரே போய் நின்றுவிடுகிறது.

தரவுத்தளத்தில் உள்ள பதிவுகளையும் படங்களையும் விரிதாளுக்குக் கொண்டுசெல்வது எப்படி, அப்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளி மூலிகைத் தோட்டத்தின் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 64 செடிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செடிக்கும் எண், தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், பயன், எச்சரிக்கை, படம் என ஆறு விவரங்கள் உண்டு. இத்தகைய பட்டியலை அச்சிட்டுத் தோட்டத்தில் வைப்பார்கள். பெற்றோரும் வீட்டிற்கு ஒரு பிரதி கேட்பார்கள். மூலிகைகளோடு நச்சுச் செடிகளும் அதில் இருப்பதால், படம் மாறுவது சிறிய விஷயம் அன்று.

தரவுத்தளம் வேறு, விரிதாள் வேறு

இரண்டும் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிவதால் பலர் இரண்டையும் ஒன்றென எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டின் பிறப்பும் வேறு, இயல்பும் வேறு.

இன்று வழக்கில் உள்ள தரவுத்தளங்கள் பலவற்றுக்கும் அடிப்படை அமைத்தவர் எட்கர் காட் என்னும் அறிஞர். அவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1970-ஆம் ஆண்டில், தகவல்களை ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளாகச் சேமிக்கும் முறையை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இம்முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் வேறு எதற்கும் இல்லாத ஓர் எண் இருக்கும். அதனைத் திறவுகோல் என்பர். வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு மாணவியர் இருக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே சேர்க்கை எண் இருக்க முடியாது. அதுபோலத்தான் இதுவும். தரவுத்தளத்தில் ஒரு பதிவு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது பொருட்டன்று. எண்ணைச் சொன்னால் அதற்குரிய பெயரும் படமும் வந்துவிடும்.

விரிதாளின் பிறப்பு 1979-ஆம் ஆண்டில். டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக விசிகால்க் என்னும் மென்பொருளை உருவாக்கினர். கணக்கர்கள் காகிதத்தில் கோடு போட்டுக் கூட்டிக் கழித்ததைத் திரையில் செய்வதே அதன் நோக்கம். எக்செல் 1985-இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கு வெளிவந்தது. கணக்குப் பாடத்தில் அணிகள் படிக்கும்போது, கிடையாகச் செல்வதை நிரை என்றும் நெடுக்காகச் செல்வதை நிரல் என்றும் கற்கிறோம் அல்லவா? விரிதாளும் அப்படியே நிரையும் நிரலும் கொண்டது. ஒரு கட்டத்தை அதன் இடத்தைக் கொண்டுதான் அழைக்கிறோம்: இரண்டாம் நிரல், ஐந்தாம் நிரை என்பது போல.

ஆகவே, தரவுத்தளம் ஒரு பொருளை அதன் எண்ணால் அறிகிறது. விரிதாள் அதனை அது இருக்கும் இடத்தால் அறிகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இனி வருவதெல்லாம் எளிதில் விளங்கும்.

தரவுத்தளத்தில் படம் இருக்கும் விதம்

தரவுத்தளத்தில் படத்தை இரண்டு விதமாக வைக்கலாம். முதலாவது, படக்கோப்பு முழுவதையும் அட்டவணைக்குள்ளேயே சேமிப்பது. இதனால் படம் எங்கும் தவறிப்போகாது; ஆனால் தரவுத்தளம் கனத்துவிடும். இரண்டாவது, படங்களை ஒரு தனிக் கோப்புறையில் வைத்துவிட்டு, அட்டவணையில் படக்கோப்பின் பெயரை மட்டும் எழுதிவைப்பது. இதனால் தரவுத்தளம் இலேசாக இருக்கும். ஆனால் யாராவது கோப்புறையை இடம் மாற்றினாலோ, படத்தின் பெயரை மாற்றினாலோ தொடர்பு அறுந்துபோகும்.

எந்த முறையாயினும், படத்தையும் பெயரையும் கட்டி வைத்திருக்கும் கயிறு அந்தத் திறவுகோல் எண்ணே ஆகும்.

விரிதாளில் படம் இருக்கும் விதம்

விரிதாளில் ஒரு படத்தை வைத்தால், அது கட்டத்திற்குள் அமர்ந்திருப்பது போலத் தெரியும். வழக்கமான முறையில் வைத்த படம் கட்டத்திற்குள் இல்லை. கட்டத்தின் மேல் இருக்கிறது. மேசையின் மேல் விரித்த தாளில் பெயர்களை எழுதி, அதன் மேல் ஒரு கண்ணாடியைப் போட்டு, கண்ணாடியின் மேல் படங்களைப் பரப்பி வைத்தது போன்றது இது. மேலிருந்து பார்த்தால் பெயரும் படமும் ஒரே வரியில் இருக்கும். தாளை இழுத்தால் படம் கூடவே வராது.

இதனை ஒரு சிறு சோதனையால் அறியலாம். 2007-ஆம் ஆண்டு முதல் எக்செல் பயன்படுத்திவரும் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்னும் கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. அதற்கு ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பார்க்கலாம். கட்டங்களில் எழுதியவை ஒரு கோப்புறையில் இருக்கும். படங்கள் எல்லாம் மீடியா என்னும் வேறொரு கோப்புறையில் இருக்கும். அங்கே அவற்றின் பழைய பெயர்கள் இரா. இமேஜ்1, இமேஜ்2, இமேஜ்3 என்று வரிசையாகப் பெயர் மாறியிருக்கும். இன்னொரு கோப்பில், இந்தப் படம் இத்தனையாவது நிரலில், இத்தனையாவது நிரையில் தொடங்குகிறது என்று மட்டும் குறித்திருக்கும். அது எந்தச் செடியின் படம் என்று அந்தக் குறிப்பில் இராது.

அதாவது, தரவுத்தளத்தை விட்டுப் புறப்பட்ட படம் தன் எண்ணையும் பெயரையும் வழியிலேயே விட்டுவிட்டு, வெறும் இடத்தை மட்டும் நம்பி வந்து சேர்கிறது.

நான்கு செடிகளை வைத்து ஒரு பயிற்சி

பதிவேட்டின் முதல் நான்கு செடிகள் இவை என்று கொள்வோம்: 001 துளசி, 002 தூதுவளை, 003 ஊமத்தை, 004 வல்லாரை. ஏற்றுமதி முடிந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சரியான படம் இருக்கிறது. யாரோ ஒருவர், அகர வரிசையில் இருந்தால் தேடுவதற்கு எளிதாக இருக்குமே என்று நல்லெண்ணத்துடன் பெயர்களை வரிசைப்படுத்துகிறார். பெயர்கள் நகர்கின்றன, படங்கள் நகரவில்லை என்று கொள்வோம். இப்போது பட்டியல் இவ்வாறு ஆகிவிடும்:

முதல் நிரை: பெயர் ஊமத்தை, படம் துளசி.
இரண்டாம் நிரை: பெயர் துளசி, படம் தூதுவளை.
மூன்றாம் நிரை: பெயர் தூதுவளை, படம் ஊமத்தை.
நான்காம் நிரை: பெயர் வல்லாரை, படம் வல்லாரை.

மூன்றாம் நிரையைக் கவனியுங்கள். தூதுவளை சளிக்கு நல்லதென்று நம் வீடுகளில் ரசமும் துவையலும் செய்து உண்ணும் கீரை. ஊமத்தையோ இலை, பூ, காய், விதை ஆகிய எல்லாப் பகுதிகளிலும் நஞ்சுடைய செடி. இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே; ஆனால் ஒன்று உணவு, மற்றொன்று உயிருக்கு ஆபத்து. செடிகளை நன்கறிந்த பாட்டிமார் இந்தப் பட்டியலைப் பார்த்தால் உடனே சிரித்துவிடுவார்கள். ஆனால் பட்டியல் அவர்களுக்காகத் தயாரிக்கப்படுவதில்லை. செடி தெரியாதவர்களுக்காகத்தான் படம் வைக்கிறோம். தெரியாதவர் படத்தைத்தான் நம்புவார்.

நான்காம் நிரையையும் கவனியுங்கள். அகர வரிசையிலும் வல்லாரை கடைசியிலேயே நிற்பதால், அதன் படம் சரியாகவே இருக்கிறது. கடைசி நிரையை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று சொல்பவர் ஏமாந்துபோவார்.

ஏற்றுமதி செய்யும் வழிகள்

தரவுத்தளத்திலிருந்து விரிதாளுக்குச் செல்லப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் சுருக்கமாகக் காண்போம்.

முதல் வழி, சி.எஸ்.வி. என்னும் காற்புள்ளிக் கோப்பு. இதில் ஒவ்வொரு பதிவும் ஒரு வரி. விவரங்களுக்கு இடையே காற்புள்ளி. எழுத்தும் எண்ணும் தவிர இதில் வேறெதற்கும் இடமில்லை; படம் போகவே போகாது. ஆனால் படக்கோப்பின் பெயரை அனுப்பலாம்.

இரண்டாம் வழி, தரவுத்தள மென்பொருளிலேயே உள்ள ஏற்றுமதிக் கட்டளை. இதிலும் படங்கள் வந்துவிடும் என்று நம்பிவிடக்கூடாது. எடுத்துக்காட்டாக, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸிலிருந்து எக்செலுக்கு ஏற்றுமதி செய்தால், சின்னங்களும் இணைப்பாக வைத்த படங்களும் போவதில்லை. பின்னர் நாமே கையால் சேர்க்க வேண்டும் என்று அந்த மென்பொருளின் உதவிக் குறிப்பே கூறுகிறது. கையால் சேர்ப்பது என்றால் 64 படங்களை 64 முறை வைப்பது. இடம் தவறுவதற்கு 64 வாய்ப்புகள்.

மூன்றாம் வழி, அறிக்கையை அப்படியே விரிதாளாக்குவது. அறிக்கை என்பது தரவுத்தளத்தில் உள்ளதை அச்சிடுவதற்கேற்ப அழகாக அடுக்கியது. மேலே பள்ளியின் பெயர், சின்னம், இடையிடையே தலைப்புகள், பக்கத்தின் அடியில் பக்க எண். சில அறிக்கை மென்பொருள்கள் படங்களையும் சேர்த்தே அனுப்பிவிடும். லிப்ரே ஆஃபீஸில் உள்ள பேஸ் என்னும் இலவச மென்பொருளிலும் அறிக்கையை விரிதாளாகப் பெறும் வசதி உண்டு. ஆனால் அழகுக்காக அடுக்கியது வேலைக்கு உதவாது. தலைப்பை நடுவில் வைப்பதற்காகப் பல கட்டங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். இணைந்த கட்டங்கள் ஒரே அளவில் இல்லையென்றால் எக்செல் வரிசைப்படுத்தவே மறுத்துவிடும். பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் மட்டும் வேண்டுமானால் அறிக்கையைப் பி.டி.எஃப். கோப்பாகப் பெறுவதே மேல். அதில் யாரும் தற்செயலாக வரிசையை மாற்றிவிட முடியாது. பெயரும் படமும் நோட்டில் ஒட்டியது போல நிற்கும். கூட்டவும் பிரிக்கவும் வரிசைப்படுத்தவும் வேண்டுமானால் மட்டுமே விரிதாள் தேவை.

நான்காம் வழி, படத்தைக் கட்டத்திற்குள்ளேயே வைப்பது. கூகுள் விரிதாளில் இந்த வசதி உண்டு. எக்செலில் 2022-இல் இமேஜ் என்னும் சார்பு சேர்க்கப்பட்டது. 2023-இல் படத்தைக் கட்டத்திற்குள் வைக்கும் கட்டளையும் வந்தது. இவ்வாறு வைத்த படம் கட்டத்தில் எழுதிய சொல்லைப் போலவே நடந்துகொள்ளும். வரிசை மாறினால் கூடவே வரும். குறைகளும் உண்டு. பழைய எக்செலில் திறந்தால் படத்திற்குப் பதில் பிழைக்குறியே தெரியும். இமேஜ் சார்புக்குப் படம் இணையத்தில் ஒரு முகவரியில் இருக்க வேண்டும். அந்த முகவரி மறைந்தால் படமும் மறையும்.

ஐந்தாம் வழி, நிரல் எழுதி ஏற்றுமதி செய்வது. மேல்நிலை வகுப்பு அக்காமார் படிக்கும் பைத்தான் மொழியில், எந்தக் கட்டத்தில் எந்தப் படத்தை வைப்பது என்று சொல்லும் கருவிகள் உள்ளன. அவற்றில், கட்டம் நகர்ந்தால் படம் நகர வேண்டுமா, கட்டம் சுருங்கினால் படமும் சுருங்க வேண்டுமா என்பதையும் குறிப்பிடலாம். எக்செலிலும் படத்தின் பண்புகளில் இதே மூன்று தேர்வுகள் உள்ளன: கட்டத்தோடு நகர்ந்து அளவும் மாறுவது, நகர்வது மட்டும், இரண்டும் இல்லாமல் இருப்பது. பட்டியலுக்கு முதல் தேர்வே ஏற்றது. இரண்டாவதைத் தேர்ந்து, சில நிரைகளை மறைத்து வடிகட்டினால், மறைந்த நிரைகளின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும்.

அளவுக் கணக்கு

முதல் தேர்வைச் செய்தாலும், படம் தன் கட்டத்தின் எல்லைக்குள் முழுவதும் அடங்கியிருக்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் சிறிது நீட்டிக்கொண்டிருந்தாலும் வரிசைப்படுத்தும்போது அதை நம்ப முடியாது. ஆகவே கட்டத்தின் அளவை முன்னரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இங்கே எக்செலில் ஒரு வேடிக்கை உண்டு: நிரையின் உயரத்தைப் புள்ளிகளிலும், நிரலின் அகலத்தை எழுத்துகளின் எண்ணிக்கையிலும் அளக்கிறார்கள்.

ஓர் அங்குலத்திற்கு 72 புள்ளிகள். திரையில் ஓர் அங்குலத்திற்கு 96 பிக்சல் என்று கொள்வது வழக்கம். எனவே ஒரு பிக்சல் = 72 ÷ 96 = 0.75 புள்ளி. நம் படம் 100 பிக்சல் உயரம், 100 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் 10 பிக்சல் இடம் விட்டால் கட்டம் 120 பிக்சல் இருக்க வேண்டும்.

நிரையின் உயரம் = 120 × 0.75 = 90 புள்ளிகள்.

காலிப்ரி 11 எழுத்தில் ஓர் எழுத்துக்கு 7 பிக்சலும், ஓரத்திற்கு மொத்தம் 5 பிக்சலும் ஆகும். எனவே,

நிரலின் அகலம் = (120 − 5) ÷ 7 = 16.43 எழுத்துகள்.

எக்செலில் ஒரு நிரையின் உயரம் 409 புள்ளிகளுக்கு மேல் போகாது. அது சுமார் 14.4 செ.மீ. ஆகவே பெரிய படங்களை ஒரே கட்டத்தில் வைக்க எண்ணுவது வீண்.

கோப்பின் கனத்தையும் பார்க்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4 எம்.பி. இருந்தால், 64 படங்கள் 64 × 4 = 256 எம்.பி. ஆகும். அதனை மின்னஞ்சலில் அனுப்புவதும் கடினம்; பழைய கணிப்பொறியில் திறப்பதும் கடினம். அதே படங்களை முன்கூட்டியே சிறிதாக்கி ஒவ்வொன்றும் 40 கே.பி. ஆக்கிவிட்டால், மொத்தம் 2,560 கே.பி., அதாவது சுமார் 2.5 எம்.பி. மட்டுமே. விரிதாளில் வைத்த பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கண்ணுக்குத்தான் சிறிதாகும். கோப்பும் சிறிதாகிவிட்டதென்று எண்ணக்கூடாது.

எண்ணைக் காப்பது

மேலே கண்ட வழிகளில் எதைப் பின்பற்றினாலும் ஒன்றை மட்டும் விடக்கூடாது. படம் இருக்கும் ஒவ்வொரு நிரையிலும் திறவுகோல் எண் எழுதியிருக்க வேண்டும். படக்கோப்பின் பெயரும் அதே எண்ணாக இருக்க வேண்டும். தூதுவளையின் எண் 002 என்றால் படத்தின் பெயரும் 002. இன்னும் ஒரு படி மேலே சென்று, படம் எடுக்கும்போதே அந்த எண்ணை ஒரு சிறு அட்டையில் எழுதிச் செடியின் பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டால், படம் எங்கே போனாலும் எண் அதன் உள்ளேயே இருக்கும். பசையைவிட உறுதியான ஒட்டு அது.

ஆனால் அந்த எண்ணுக்கும் ஓர் ஆபத்து உண்டு. விரிதாள் 002 என்பதை ஓர் எண்ணாகக் கருதி, முன்னால் உள்ள சுழியங்களை நீக்கி, 2 என்று ஆக்கிவிடும். படத்தின் பெயர் 002. கட்டத்தில் இருப்பது 2. கணிப்பொறிக்கு இவை இரண்டும் வேறு வேறு. இதற்கு மருந்து எளியது. எண்ணுக்கு முன் ஓர் எழுத்தைச் சேர்த்து மூ002 என்று எழுதினால் விரிதாள் அதைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும்.

விரிதாளின் இந்த அவசரப் புத்தி அறிவியல் அறிஞர்களையும் விட்டுவைக்கவில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்பன போன்ற குறியீட்டுப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றிக்கொண்டேயிருந்தது. 2020-ஆம் ஆண்டில் மரபணுப் பெயர்களை முறைப்படுத்தும் குழு புதிய விதிகளை வெளியிட்டது. மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 என்றும், செப்ட்1 என்பது செப்டின்1 என்றும் ஆயின. விரிதாளைத் திருத்துவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது எளிதாக இருந்தது போலும்!

எண்ணை எழுதிவைப்பதன் அருமையை நம் திருச்சபை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், பங்குக்குரு ஒரு புத்தகம் வைத்து, மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் எழுதிவர வேண்டும் என்று கட்டளையிட்டது. இன்று பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டால், பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். அதில் பதிவு எண்ணும் குறித்திருக்கும். சான்றிதழில் ஐயம் எழுந்தால் அந்த எண்ணைக் கொண்டு மூலப் பதிவேட்டிற்குத் திரும்பலாம். விரிதாளும் ஒரு சான்றிதழ் போன்றதே. மூலம் தரவுத்தளத்தில் இருக்கிறது. திரும்பிச் செல்லும் வழி அந்த எண் ஒன்றே.

எண்ணிப் பார்ப்பது

ஏற்றுமதி முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை எண்ணுவது. தரவுத்தளத்தில் 64 பதிவுகள் என்றால், விரிதாளில் தலைப்பு நீங்கலாக 64 நிரைகள், 64 படங்கள் இருக்க வேண்டும். இது குழந்தைத்தனமாகத் தோன்றலாம். 2020-இல் இங்கிலாந்தில் நடந்ததைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

கொரோனா நோய்க் காலத்தில், ஆய்வகங்களிலிருந்து வந்த சோதனை முடிவுகளை அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்.எல்.எஸ். வகைக் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அவ்வகைக் கோப்பில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. அது 2-இன் 16-ஆம் அடுக்கு. அதற்கு மேல் வந்தவை சத்தமின்றி வெளியே நின்றுவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகளின் விவரங்கள் இவ்வாறு அன்றாடக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று. இன்றைய எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். கோப்பில் 10,48,576 நிரைகள் கொள்ளும். அது 2-இன் 20-ஆம் அடுக்கு. இடம் பெருகினாலும் எண்ணிப் பார்க்கும் கடமை நம்மை விட்டு நீங்கவில்லை.

இரண்டாவது வேலை, சில நிரைகளை மூலத்தோடு ஒப்பிடுவது. முதல் நிரை, கடைசி நிரை, நடுவில் சில என்று பார்க்க வேண்டும். நச்சுச் செடிகளை மட்டும் ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். ஊமத்தை, குன்றிமணி, செங்காந்தள், அரளி ஆகியவை இவ்வகையின. செங்காந்தள் நம் மாநில மலர். ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. மூன்றாவது வேலை, ஒரு பிரதியை வேண்டுமென்றே அகர வரிசைப்படுத்திப் பார்ப்பது. படங்கள் கூடவே வந்தால் அந்தக் கோப்பைப் பிறருக்குக் கொடுக்கலாம். வராவிட்டால் அதைப் பி.டி.எஃப். ஆக்கித்தான் கொடுக்க வேண்டும்.

மனிதரின் படமாக இருந்தால்

செடிக்கு நாணமில்லை, மனிதருக்கு உண்டு. மாணவியரின் பெயர்களோடு படங்களையும் ஏற்றுமதி செய்யும்போது கூடுதல் கவனம் வேண்டும். விரிதாளில் ஒரு படத்தின் ஓரங்களை வெட்டினால், வெட்டிய பகுதி கண்ணுக்கு மறைகிறதே தவிர, தனியே நீக்கும்வரை கோப்புக்குள்ளேயே இருக்கிறது. மறைத்த நிரல்களும் அப்படியே. வீட்டு முகவரி உள்ள நிரலை மறைத்துவிட்டு அனுப்பினால், பெறுபவர் அதனை ஒரு நொடியில் திறந்துவிடலாம். மீடியா கோப்புறையைத் திறந்தால் எல்லாருடைய படங்களும் தனித்தனியே கிடைத்துவிடும் என்பதையும் மேலே கண்டோம்.

2023-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்று கொண்டு, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே நம் மனச்சாட்சி சொல்ல வேண்டியது இது. தேவையான நிரல்களை மட்டும் ஏற்றுமதி செய்வதே பாதுகாப்பு. அனுப்பிய பிறகு மறைப்பது பாதுகாப்பு ஆகாது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தோழியர் நினைவில் வைக்க எளிதாகத் தொகுத்துக் கூறுகிறோம். ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தோடு கூடிய ஓர் எண் கொடுங்கள். படக்கோப்புக்கும் அதே பெயரை இடுங்கள். படங்களை முதலிலேயே சிறிதாக்குங்கள். கட்டத்தின் அளவைக் கணக்கிட்டு, படத்தை அதற்குள் அடக்கி, கட்டத்தோடு நகரும்படி அமையுங்கள். ஏற்றுமதி செய்ததும் எண்ணுங்கள், ஒப்பிடுங்கள், ஒரு பிரதியை வரிசை மாற்றிப் பாருங்கள். பார்ப்பதற்கு மட்டும் கேட்பவருக்குப் பி.டி.எஃப். கொடுங்கள்.

வேலையை விரைவாக முடிக்கக் கணிப்பொறி உதவும். முடித்த வேலை சரியா என்று பார்க்க வேண்டியவர்கள் நாமே. பட்டியலைத் தயாரிப்பவர் கூடுதலாகச் செலவிடும் கால் மணி நேரம், அதை நம்பி ஓர் இலையைப் பறிக்கப் போகும் யாரோ ஒருவருடைய வீட்டின் நலத்திற்காக என்பதை மறவாதிருப்போம்.